முதிர்ச்சியும் துளையும்

2007ல் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். இரண்டு பக்கம். கடைசிக்கு முந்தைய வாக்கியம் இது: 'இவரிடம் பாஷை இருக்கிறது, முதிர்ச்சி இன்னும் கூடவில்லை.' இதழ் வந்து மூன்று வாரம் கழித்து அந்தக் கவிஞரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. ஒரே வரி. 'ஐயா, முதிர்ச்சியை எதைக் கொண்டு அளந்தீர்கள்?' கோபத்தில் எழுதியதா, நிஜமாகவே கேட்டதா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. நான் பதில் போடவில்லை.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அப்போது நான் வாங்கிக்கொண்டிருந்த சம்பளமே முதிர்ச்சியை அளப்பதற்குத்தான். கவிதையின் முதிர்ச்சியை அல்ல, பாறையின் முதிர்ச்சியை. காலை பத்து மணிக்கு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை அதே வேலை. ராத்திரி வீட்டுக்கு வந்து, அதே வார்த்தையை வேறு அர்த்தத்தில், எந்தக் கருவியும் இல்லாமல், புதுக் கவிஞர்களுக்குத் தாராளமாக வழங்கிக்கொண்டிருந்தேன். பகலில் இரண்டாவது தசம ஸ்தானத்துக்காக மல்லுக்கட்டியவன் ராத்திரியில் இப்படி இருந்தது எனக்கு விசித்திரமாகப் படவே இல்லை. கார்டு வந்த பிறகும் படவில்லை. பட்டது 2012ல், வேறொரு காரணத்தால். அதைச் சொல்வதற்கு முன் பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடலாம்.

ஷேல் என்பது பழைய சேறு. கடலடியிலோ ஏரியடியிலோ படிந்து, மேலே படிந்ததன் கனத்தால் நசுங்கி, ஏடு ஏடாகப் பிரிகிற பாறையானது. அது கறுப்பாக இருந்தால், பாசியும் நுண்ணுயிர்களும் கரையிலிருந்து அடித்துவரப்பட்ட மரத்தூளும் முழுக்க அழுகாமல் அதில் தங்கிவிட்டன என்று பெரும்பாலும் அர்த்தம். அடித்தண்ணீரில் பிராணவாயு இல்லாவிட்டால் அழுகல் பாதியில் நின்றுவிடும். சாவுகூட முழுமையாக நடக்காத இடம் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்வார். அவருக்குக் கவிதையில் எந்த ஈடுபாடும் கிடையாது, வர்ணனையாகத்தான் சொன்னார்.

மேலே மேலே சேறு படியப் படிய இந்த மிச்சம் கீழே போகிறது. கீழே போவதென்றால் சூடாவது. கிலோமீட்டருக்கு முப்பது டிகிரி என்பது உத்தேசக் கணக்கு. இடத்துக்கு இடம் மாறும். முதலில் அது கெரோஜன் ஆகிறது. எந்தக் கரைப்பானுக்கும் மசியாத பொருள். ஸ்காட்லாந்து ரசாயனக்காரர் அலெக்ஸாண்டர் க்ரம் ப்ரௌன் கிரேக்கத்திலிருந்து செய்து கொடுத்த பெயர். மெழுகைப் பிறப்பிப்பது என்று பொருள். இன்னும் சூடானால் கெரோஜனிலிருந்து பிசுபிசுப்பான பிட்டுமனும் எண்ணெயும் பிரியும். அதற்கும் மேலே போனால் எண்ணெயே உடைந்து வாயுவாகும். ஹைட்ரஜன் போய்க்கொண்டே இருக்கும், கரி தங்கிக்கொண்டே இருக்கும். இந்த வழியில் ஒரு பாறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்குத்தான் வெப்ப முதிர்ச்சி என்று பெயர். சூடு மட்டுமல்ல, எவ்வளவு காலம் சூட்டில் இருந்தது என்பதும் சேர்ந்தது. குறைந்த சூட்டில் நெடுங்காலம் கிடந்ததும் அதிகச் சூட்டில் கொஞ்ச காலம் கிடந்ததும் ஒரே எண்ணுக்கு வந்து சேரலாம்.

அந்த எண்ணை எடுக்கிற விதம் எனக்குப் பிடித்தமானது. பாறையை நொறுக்கி ரெஸினில் பதித்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, பச்சை வெளிச்சத்தை அனுப்ப வேண்டும். எத்தனை சதவிகித வெளிச்சம் திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். முதிர முதிரப் பளபளப்பு கூடும். 0.5, 0.6 வாக்கில் எண்ணெய் பிறக்கத் தொடங்குகிறது, 1.3க்கு அருகே எண்ணெயின் காலம் முடிகிறது, 2ஐத் தாண்டினால் உலர்ந்த வாயு மட்டும். ஆனால் எந்தத் துகளின் மேல் வெளிச்சத்தைப் போடுவது? பாசியின் மிச்சத்தின் மேல் அல்ல. அது ஒழுங்காகப் பிரதிபலிப்பதில்லை. விட்ரினைட் என்ற துகளைத் தேட வேண்டும். அது மரத்திலிருந்து வந்தது. எங்கோ கரையில் நின்ற மரம், ஆற்றோடு வந்து, தனக்குச் சம்பந்தமில்லாத கடலில் மூழ்கி, அந்தக் கடலின் சேறு எவ்வளவு வெந்தது என்பதற்குச் சாட்சி சொல்கிறது. பல கடல் ஷேல்களில் இந்தத் துகள் அபூர்வம். ஒரு வில்லையில் ஐம்பதாவது கிடைக்குமா என்று ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

இன்னொன்று, இந்த எண் இறங்காது. பாறை பின்னால் மேலெழும்பி, ஆறி, குளிர்ந்து, மேற்பரப்புக்கே வந்துவிட்டாலும் தான் பட்ட உச்சச் சூட்டை அது விட்டுக்கொடுப்பதில்லை. அதனால்தான் இந்த வேலைக்கே அர்த்தம் இருக்கிறது.

முதிர்ந்த பாறை நல்ல பாறை என்று எந்தப் புவியியல்காரனும் சொல்ல மாட்டான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தேடுகிறவனுக்கு 1.5 என்ற எண் துக்கச் செய்தி. முதிராதது, முதிர்ந்தது, அதிமுதிர்வு - மூன்றும் எங்களிடம் பாராட்டோ வசவோ அல்ல. விமர்சனத்துக்குள் இந்த வார்த்தை பழத்திலிருந்து வந்திருக்க வேண்டும். பழுத்தது இனிக்கும் என்ற நம்பிக்கையோடு. பாறையிலிருந்து வந்திருந்தால் நம் மதிப்புரைகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

1994ல் ஆறு மாதப் பயிற்சிக்காக ஜெர்மனி போனேன். அங்கே பொஸிடோனியா ஷேல் என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 18 கோடி வருஷத்துக்கு முந்தைய ஜுராஸிக் கடல். தெற்கே ஹோல்ட்ஸ்மாடனில் இதே ஷேலிலிருந்துதான் தோல் விளிம்பு பதிந்த இக்தியோஸாரஸ்கள், வயிற்றில் குட்டிகளோடு, கிடைத்திருக்கின்றன. வடக்கே ஹன்னோவருக்குத் தெற்கில் ஹில்ஸ் என்ற பிரதேசத்தில் 1980களில் இந்த ஷேலைத் துளைத்துச் சில ஆராய்ச்சிக் கிணறுகள் போட்டார்கள். விக்கன்ஸன், ஹார்டரோட, ஹத்தஸன் என்று மூன்று பெயர்கள். எங்கள் தொழிலில் இந்த மூன்றும் பாலபாடம். மூன்றுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒரே கடல், ஒரே காலம், ஏறத்தாழ ஒரே சேறு. ஆனால் விக்கன்ஸனில் எண் 0.5ஐ ஒட்டி, ஹார்டரோடயில் 0.9ஐ ஒட்டி, ஹத்தஸனில் 1.45. முதலாவது இன்னும் எண்ணெய் விடவில்லை, இரண்டாவது எண்ணெயின் நடுவில் நிற்கிறது, மூன்றாவது வாயுவுக்குப் போய்விட்டது.

எது இப்படிச் சுட்டது? நெடுநாள், அடியில் ஏதோ அக்கினிப் பாறை பொங்கி வந்து பக்கத்திலிருந்ததை வேகவைத்துவிட்டது என்றே நம்பினார்கள். அந்த அக்கினிப் பாறைக்கு ஃப்ளோதோ என்று ஊர்ப் பெயரெல்லாம் வைத்தாகிவிட்டது. 1990களின் கடைசியில் வந்த கணக்குகள் அது தேவையில்லை என்றன. வெறுமனே ஆழப் புதைந்து, பிறகு தூக்கப்பட்டிருந்தாலே போதும், எண் அப்படித்தான் வரும். நாடகம் எதுவும் நடக்கவில்லை. மேலே கனம் ஏறியது, பிறகு இறங்கியது, அவ்வளவுதான். எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருந்தது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பயிற்சியின்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்கே போயிருந்தேன், பிஸிங்கன் என்ற சிற்றூருக்கு. அங்கே ஷேல் மேற்பரப்பிலேயே கிடக்கிறது. ஆழப் போகாதது, முதிராதது. 1944ல் ஜெர்மனிக்கு எண்ணெய்த் தட்டுப்பாடு முற்றியபோது, 'பாலைவனம்' என்று பெயர் வைத்த ஒரு திட்டத்தில் இந்த ஷேலைக் குவித்துத் தீயிட்டு எண்ணெய் எடுக்கப் பார்த்தார்கள். ஏழு சித்திரவதை முகாம்கள். ஒரு டன் எண்ணெய்க்கு முப்பது டன்னுக்கு மேல் பாறை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியவர்கள் கைதிகள். மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே செத்துப்போனார்கள். பதினெட்டுக் கோடி வருஷமாகப் பூமி செய்யாததை ஆறு மாதத்தில் செய்துவிட வேண்டும் என்ற அவசரம். வந்த எண்ணெய் மட்டமானது. நான் புதைகாட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். கையில் ஒரு ஷேல் துண்டு இருந்தது. அதைத் திரும்ப அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

விக்கன்ஸன் பெட்டியிலிருந்தும் ஹத்தஸன் பெட்டியிலிருந்தும் துண்டுகளை எடுத்து மெருகேற்றி அளந்தேன். என் எண்கள் அவர்கள் எண்களோடு பொருந்தின. சந்தோஷம். துளைகளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஏனென்றால் 1994ல் ஷேலில் துளை என்பது ஒரு பொருட்டே அல்ல. ஷேல் எண்ணெயைப் பிறப்பித்து வெளியே அனுப்பும். அது போய்த் தங்குவது மணற்பாறையின் துளைகளில். தாயிடம் துளை எதற்கு? டெக்ஸஸில் ஜார்ஜ் மிட்சல் என்ற கிழவர் 1981லிருந்து பார்னெட் ஷேலைத் தோண்டிப் பணத்தை இறைத்துக்கொண்டிருந்தார், பலர் சிரித்தார்கள். 1990களின் முடிவில் தண்ணீரை அதி அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசலுறச் செய்து அவர் வாயுவை எடுத்துக் காட்டிய பிறகுதான், ஷேல் தான் பெற்றதைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது என்பது உறைத்தது. வைத்துக்கொண்டிருக்கிறது என்றால் எங்கே?

பதில் 2009ல் வந்தது, அதே டெக்ஸஸிலிருந்து. அதுவரை எல்லாரும் பாறையைத் தேய்த்து மெருகேற்றித்தான் பார்த்தோம். தேய்க்கிறபோது மென்மையான இடம் இழுபடும், கடினமான துகள் பெயர்ந்து பள்ளம் விழும். தெரிகிற குழி பாறையினுடையதா, நம் கையினுடையதா என்று சொல்ல முடியாது. ஆர்கான் அயனிகளை வீசி அணு அணுவாகச் செதுக்கித் தட்டையாக்கினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்கிறது. அப்படிச் செதுக்கிய பார்னெட் ஷேலை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, துளைகள் தாதுக்களுக்கு நடுவே அதிகமில்லை, கறுத்த உயிர்ப்பொருளின் உள்ளேயே இருந்தன. பஞ்சு மாதிரி. ஒவ்வொன்றும் சராசரியாக 100 நானோமீட்டர் அளவு. ஒரு தலைமயிரின் குறுக்கே இப்படி நூற்றுக்கணக்கில் வரிசையாக வைக்கலாம். ஒரு துகளின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குவரை வெறும் துளை.

அந்தப் படங்களை முதலில் பார்த்த நாளை நன்றாக நினைவிருக்கிறது. பதினைந்து வருஷமாக நான் பளபளப்பை மட்டும் அளந்துகொண்டிருந்த பொருள். என் லென்ஸுக்கு அது எப்போதும் சமதளம்தான். வெளிச்சத்தின் அலைநீளமே அந்தத் துளைகளைவிடப் பெரியது. பார்க்கவே முடிந்திருக்காது, ஆகவே என் குற்றமில்லை. இருந்தாலும் அவமானமாக இருந்தது.

பிறகு ஹில்ஸ் கிணறுகளை மறுபடி எடுத்தார்கள். 2012லிருந்து வரிசையாகக் கட்டுரைகள். அவை சொன்ன கதை நான் எதிர்பார்த்தது அல்ல. விக்கன்ஸனில், முதிராத பாறையில், துளைகள் கணிசம். கன அளவில் பத்து சதவிகிதத்துக்கு மேல். இவை சேற்றின் துளைகள். களிமண் ஏடுகளுக்கு நடுவிலும், கடற்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகளுக்கு நடுவிலும் பிறவியிலேயே இருந்து, நசுங்கியது போக மிஞ்சியவை. ஹார்டரோடயில், எண்ணெயின் நடுக்காலத்தில், அது ஐந்துக்கும் கீழே விழுந்துவிடுகிறது. புதைந்ததால் நசுங்கியது ஒரு பக்கம். கெரோஜனிலிருந்து கசிந்த பிட்டுமன் அக்கம்பக்கத்துத் துளைகளில் எல்லாம் புகுந்து அடைத்துக்கொண்டது இன்னொரு பக்கம். ஒரு பாறை தனக்குள்ளிருப்பதை வெளியே கொட்டத் தொடங்குகிற அந்தக் கட்டத்தில்தான் அதற்குள் இடமே இல்லாமல் போகிறது. ஹத்தஸனில் மறுபடி பத்தை ஒட்டி. ஆனால் இவற்றில் பெரும்பகுதி பழைய துளைகள் அல்ல. அடைத்துக்கொண்டிருந்த பிட்டுமன் சூட்டில் உடைந்து, வாயுவாகி வெளியேறி, விட்டுப்போன கரியில் விழுந்த குமிழ்கள். சேறு கொடுத்த துளை போய், இழப்பு கொடுத்த துளை வந்திருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் விக்கன்ஸனும் ஹத்தஸனும் ஏறத்தாழ ஒன்று. படத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடக் கூடாது. தென் சீனத்தில் கேம்பிரியக் கடலின் ஷேல்கள் 3ஐத் தாண்டிப் போயிருக்கின்றன. அங்கே துளைகள் திரும்பச் சுருங்குகின்றன. கொடுக்க எதுவும் மிச்சமில்லாத கரி, கிராஃபைட்டை நோக்கி இறுகத் தொடங்குகிறது.

இப்போது என் விஷயம். 2010ல் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு படுகையிலிருந்து பதின்மூன்று துண்டுகள் வந்தன. எந்தப் படுகை, எந்த ஆய்வுக்கூடம் என்பது முக்கியமில்லை. முதிர்ச்சி 0.6லிருந்து 2.3 வரை. அயனிச் செதுக்கல் எங்களிடம் கிடையாது, வெளியூருக்கு அனுப்பிப் படமெடுத்து வரவழைத்தோம். எண்கள் என்னுடையவை. பன்னிரண்டு துண்டுகள் சொன்னபடி கேட்டன. 0.9 வரைக்கும் கரிப்பொருளில் துளை இல்லை, அப்புறம் அங்கங்கே, 1.5க்கு மேல் பஞ்சு. ஒன்பதாம் துண்டு மட்டும் கேட்கவில்லை. அதன் எண் 1.92. துளைகள் நிறைந்திருக்க வேண்டும். கரிப்பொருள் வழவழவென்று, முட்டை ஓடு மாதிரி, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது.

மறுபடி அளந்தேன். நூறு துகள். 1.92. வேறொருவரை அளக்கச் சொன்னேன். 1.9. என் மேலதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். கோடு அழகாக மேலே ஏறிக்கொண்டிருந்தது, ஒரு புள்ளி மட்டும் கீழே தனியாகக் கிடந்தது. 'இது என்ன?' என்றுதான் கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. 'ஸாம்பிள் கெட்டுப்போயிருக்கும் சார்' என்று சொன்னது நான். யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை. கெட்டுப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோட்டை நான் விரும்பினேன், அவ்வளவுதான். அறிக்கை பன்னிரண்டு புள்ளிகளோடு போயிற்று. ஒரு கூட்டத்தில் அதைக் காட்டிப் பேசவும் செய்தேன், கைதட்டினார்கள்.

2012ல் ஓக்லஹாமா பல்கலைக்கழகக் குழு ஒன்றின் கட்டுரை வந்தது. வுட்ஃபோர்ட் ஷேல், டெவோனியக் காலத்தது. முதிர்ச்சி 0.51லிருந்து 6.36 வரை, பத்துக்கும் குறைவான துண்டுகள். 0.9 வரைக்கும் கரிப்பொருளில் துளை இல்லை. அதற்கு மேலே உண்டு, ஒன்றைத் தவிர. 2.00 என்ற எண் கொண்ட ஒரு துண்டில் துளை இல்லை. அதை அவர்கள் எடுத்துவிடவில்லை. அட்டவணையில் மற்றவற்றோடு அதுவும் நிற்கிறது. அதோடு, ஒரே துண்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கரித் துகள்களில் ஒன்று பஞ்சாகவும் ஒன்று வழுவழுப்பாகவும் இருப்பதையும் படம் போட்டிருந்தார்கள். வெப்ப முதிர்ச்சியை மட்டும் வைத்துத் துளைகளை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது அவர்கள் முடிவு. அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பக்கத்துப் பக்கத்துத் துகள்கள்! ஒரே சேறு, ஒரே புதைவு, ஒரே சூடு, ஒரே காலம், ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஒரு மயிரிழை. எண் இரண்டுக்கும் ஒன்றேதான். ஒன்றில் துளை விழுந்தது, இன்னொன்றில் விழவில்லை. ஏன் என்பதற்கு இன்று சில விடைகள் இருக்கின்றன. பாசியிலிருந்து வந்தது நிறைய விட்டுக்கொடுக்கும், ஆகவே நிறையத் துளைபடும். மரத்திலிருந்து வந்தது - அதாவது நான் ஆயுள் முழுக்க அளந்த அந்த உத்தமச் சாட்சி - கொஞ்சமே விட்டுக்கொடுக்கும், பெரும்பாலும் வழுவழுப்பாகவே நிற்கும். பிறந்த இடத்திலேயே தங்கிய கெரோஜன் ஒரு விதம், கசிந்து போய் வேறிடத்தில் உறைந்த பிட்டுமன் இன்னொரு விதம். பிறகு, விழுந்த துளை நிலைக்க வேண்டுமே. கரிப்பொருள் மிருதுவானது. உள்ளே வாயுவின் அழுத்தம் இருக்கும்வரை துளை விரிந்து நிற்கும். வாயு கசிந்து போய்விட்டால், மேலே கிடக்கும் பாறையின் கனத்தில் அமுங்கி மூடிக்கொள்ளும். சுற்றிலும் குவார்ட்ஸ் மணிகள் தூண் மாதிரி நின்றால் அவற்றின் இடுக்கில் இருக்கும் கரி தப்பிக்கிறது. வெறும் களிமண்ணுக்கு நடுவே இருந்தால் தப்பிப்பதில்லை. துளை விழாமலே இருந்ததும், விழுந்து மூடிப்போனதும் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதற்கும் மேலே கருவிகளின் விவகாரம் வேறு. எண்ணெய்க் கட்டத்திலிருக்கும் பாறையைக் கரைப்பானில் கழுவிவிட்டுப் பார்த்தால், இல்லை என்று எழுதிய இடங்களில் துளைகள் தெரிகின்றன. நிரம்பியிருந்ததை நாம் இல்லை என்று சொல்லியிருக்கிறோம். நைட்ரஜனைத் திரவமாகும் குளிரில் உறிஞ்சவிட்டால் ஒரு கணக்கு, கரியமில வாயுவை விட்டால் அதைவிட நுண்ணிய துளைகளின் கணக்கு. பாதரசத்தைச் சதுர அங்குலத்துக்கு அறுபதாயிரம் பவுண்டு அழுத்தத்தில் திணித்தால் மூன்று நானோமீட்டர்த் துளைவரை புகும். ஆனால் அந்த அழுத்தத்தில் பாறையே ஒடுங்கிக்கொடுக்கிறது. கடைசியில் இருந்தது பாறையின் துளையா, நாம் செய்ததா? ஒவ்வொரு கருவியும் தன் கைக்கு எட்டியதைத் துளை என்கிறது. எங்கள் அறிக்கைகளில் இதெல்லாம் 'மொத்தத் துளைமை' என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒரே எண்ணாக அச்சாகிவிடும்.

என் ஒன்பதாம் துண்டு இவற்றில் எந்த ரகம்? படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குவார்ட்ஸ் குறைவு, களிமண் மிகுதி, ஏடுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. அமுங்கி மூடிப்போனது என்றுதான் தோன்றியது. இதை 2010லேயே பார்த்திருக்க முடியும். படம் அப்போதும் அதே படம்தான். பார்த்திருந்தால், 'ஏன்' என்ற கேள்வியாவது பன்னிரண்டு புள்ளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பெரிய கண்டுபிடிப்பு எதையும் கோட்டைவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் தற்பெருமை இல்லை. நான் தவறவிட்டது சின்ன விஷயம், ஒரு துண்டு சொன்னதைச் சொன்னபடி எழுதுவது.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அந்தக் கட்டுரையையும் கொடுத்தேன். 'திருத்தம் அனுப்பலாம்' என்றார். அனுப்பினோம், ஒரு பக்கம். பழைய அறிக்கையின் மேல் முடிவெடுக்க வேண்டியவர்கள் எல்லாம் அதற்குள் எடுத்து முடித்திருந்தார்கள். அதை யாராவது படித்ததாக அடையாளமில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் 2007 மதிப்புரை ஞாபகத்துக்கு வந்தது. அலமாரியில் அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்தேன். பக்க ஓரங்களில் பென்ஸிலால் அப்போது போட்ட குறிகள் இருந்தன. மூன்று கவிதைகளுக்குப் பக்கத்தில் 'நன்று'. ஒரு கவிதைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிக் கவிதையைப் பற்றி மதிப்புரையில் ஒரு வார்த்தைகூட நான் எழுதவில்லை. மறுபடி படித்தேன். ஏன் எழுதாமல் விட்டேன் என்பது புரிந்தது. என் வாக்கியம் அதோடு ஒத்துப்போகாது. அதைப் பன்னிரண்டிலிருந்து எடுத்துவிட்டுத்தான் 'முதிர்ச்சி கூடவில்லை' என்று எழுத முடிந்திருக்கிறது. கவிதை சிறந்தது என்று சொல்ல வரவில்லை. இன்றும் அதில் எனக்கு இரண்டு வரிகள் உறுத்துகின்றன. ஆனால் அதை எழுதியவருக்கு எவ்வளவு சூடு பட்டது, எதற்கு நடுவே அமுங்கிக் கிடந்தார், அந்த வழுவழுப்பு துளை விழாததா, விழுந்து மூடியதா என்பதெல்லாம் என் ஒற்றை வார்த்தையில் இல்லை. பகலில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். ராத்திரியில் இதழ் வந்து சேரும்.

கார்டில் விலாசம் இருந்தது. பதில் எழுதினேன், ஐந்து வருஷம் தாமதமாக. எதைக் கொண்டும் அளக்கவில்லை என்று எழுதினேன், கேள்விக்குறிக் கவிதையைப் பற்றி ஒரு பக்கமும் எழுதினேன், உறுத்துகிற இரண்டு வரிகளையும் சேர்த்து. விலாசதாரர் அங்கே இல்லை என்று கடிதம் திரும்பி வந்துவிட்டது. அவர் அப்புறம் எதுவும் வெளியிட்டதாக எனக்குத் தெரியவில்லை. நண்பர்கள் இருவரிடம் விசாரித்தேன். ஒருவர் வடக்கே எங்கோ வேலைக்குப் போய்விட்டார் என்றார், இன்னொருவருக்குப் பெயரே நினைவில்லை.

ஓய்வுபெற்றபோது ஒன்பதாம் துண்டின் ரெஸின் வில்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய வில்லைகளைக் குப்பையில் போடுகிற சமயம், ஆகவே தடையில்லை. இரண்டரை சென்டிமீட்டர் விட்டம், முகத்தில் மெருகு போகாமல் இருக்கிறது. ஜன்னல் பக்கம் சாய்த்தால் நடுவே இரண்டு மூன்று துகள்கள் வெறும் கண்ணுக்கே மினுங்கும். போன மாதம் அயனிச் செதுக்கல் இருக்கிற ஒரு கல்லூரியில் பழைய மாணவர் ஒருவரிடம் அதைக் கொடுத்திருக்கிறேன். ஓரத்தில் குவார்ட்ஸ் மணிகள் கொஞ்சம் நெருங்கி நிற்கிற ஒரு மூலை இருக்கிறது, அங்கே செதுக்கிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இயந்திரம் இப்போது பழுது, சரியானதும் பார்க்கிறேன் சார் என்றார்.